கருவறை சொன்ன சாட்சி

(பொதுமக்களுக்காக நடந்த மருத்துவ உரை ஒன்றின் அச்சு வடிவம்)



நான் மேற்படிப்பு மாணவனாக வார்டில் நின்ற நாட்களில் ஒரு பெண்ணை எங்களிடம் அனுப்பிவைத்தார்கள். ஆறாம் மாதம், இரண்டாவது பிரசவம். ஊரில் நர்ஸம்மா வயிற்றில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, "புள்ளைக்கு நாடி ரொம்ப மெதுவா இருக்கு, இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடு" என்று சொல்லியிருக்கிறார். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 தடவை வரை துடிக்க வேண்டும். இந்தக் குழந்தைக்கு 56. தாயின் நாடியைத்தான் குழந்தையுடையது என்று தப்பாகக் கேட்கிறோமோ என்று எங்களுக்குச் சந்தேகம். ஒருவர் குழலில் காது வைத்திருக்க, இன்னொருவர் தாயின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். தாய்க்கு 88. அப்படியானால் 56 குழந்தையுடையதுதான்.

ஸ்கேனில் குழந்தையின் இதயம் அழகாக இருந்தது. நான்கு அறைகள், நான்கு வால்வுகள், எங்கும் ஓட்டை இல்லை. ஆனால் மேல் அறைகள் இரண்டும் 140 வேகத்தில் துடித்துக்கொண்டிருந்தன, கீழ் அறைகள் தம் போக்கில் 56. மாடியிலிருந்து கூப்பிடுகிற குரல் கீழ்வீட்டுக்கு எட்டவே இல்லை. முழு இதய அடைப்பு என்று இதற்குப் பெயர். மாரடைப்பில் அடைபடுவது இரத்தக்குழாய். இங்கே அடைபட்டது மின்சாரம் போகும் பாதை. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெண்ணுக்கு வயது 24. எந்த நோயும் இல்லை என்றார். எங்கள் பேராசிரியர் பொறுமைசாலி. படுக்கை ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர் நாங்கள் கேட்காத கேள்விகளைக் கேட்டார். கண் எப்படி இருக்கிறது? "மண்ணு விழுந்த மாதிரி உறுத்தும் சார், அது ரெண்டு மூணு வருஷமா இருக்கு." வாய்? "சோத்துல தண்ணி ஊத்திக்காம உள்ள இறங்காது." மூத்த குழந்தை? மூத்தவனுக்குப் பிறந்த சில வாரங்களில் கண்ணைச் சுற்றியும் நெற்றியிலும் வட்டவட்டமாகச் சிவப்புத் தடிப்பு வந்ததாம். செவ்வாப்பு என்று சொல்லி மருந்து உரசி ஊற்றினார்களாம். ஆறேழு மாதத்தில் தானாகவே போய்விட்டதாம்.

பேராசிரியர் எழுந்து வந்து எங்களிடம் சொன்னார்: குழந்தையின் இதயத்தில் கோளாறு எதுவும் பிறக்கவில்லை, அது தாயின் இரத்தத்திலிருந்து போயிருக்கிறது. எனக்கு அன்று அது விளங்கவில்லை. இன்று உங்கள் முன் பேசப்போவது முழுக்க முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான்.

இதயம் எப்படித் துடிக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வலது மேல் அறையின் உச்சியில் ஒரு சிறு திசுக்கட்டு இருக்கிறது, சைனஸ் முனை என்று பெயர். 1907-இல் இங்கிலாந்தில் ஆர்தர் கீத் என்பவரும் அவரிடம் பயின்ற மார்ட்டின் ஃப்ளாக் என்ற மாணவரும் இதைக் கண்டார்கள். கீத் வெளியே சைக்கிளில் போய்த் திரும்புவதற்குள், ஃப்ளாக் வீட்டில் உட்கார்ந்து ஓர் அகழெலியின் இதயத்தை நுண்ணோக்கியில் பார்த்துக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்த சுனாவோ தவாரா என்ற ஜப்பானியர், மேல் அறைகளுக்கும் கீழ் அறைகளுக்கும் நடுவே செய்தியை வாங்கிக் கடத்தும் இன்னொரு முனையை விவரித்திருந்தார். அதை ஏ.வி. முனை என்கிறோம். சைனஸ் முனை சொடுக்கும் மின்துடிப்பு இந்த ஒரே வாசல் வழியாகத்தான் கீழே இறங்க முடியும். அந்தப் பெண்ணின் குழந்தைக்கு மூடியிருந்தது இந்த வாசல்.

மின்சாரம் என்று சொன்னாலும் இதயத்துக்குள் கம்பி எதுவும் ஓடவில்லை. ஒவ்வோர் இதயச் செல்லின் சுவரிலும் மிக நுண்ணிய மதகுகள் இருக்கின்றன. ஏரி மதகு போலத்தான், குறிப்பிட்ட நேரத்தில் திறக்கும், குறிப்பிட்ட நேரத்தில் மூடும். சோடியத்துக்கு ஒரு மதகு, கால்சியத்துக்கு ஒன்று, பொட்டாசியத்துக்கு ஒன்று. சோடியமும் கால்சியமும் உள்ளே வந்தால் செல் முறுக்கேறும், பொட்டாசியம் வெளியே போனால் தளரும். சைனஸ் முனையும் ஏ.வி. முனையும் மற்ற இதயத் தசையைவிடக் கால்சிய மதகையே அதிகம் நம்பியிருக்கின்றன. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி உடலின் காவல்படையைப் பற்றி. கொரோனா காலத்தில் ஆன்டிபாடி என்ற சொல்லை எல்லோரும் கற்றுக்கொண்டோம், தமிழில் எதிர்ப்பொருள். கிருமியைக் கண்டால் அதன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும் புரதம். இது நம் உடல்மேலேயே பாயுமா? பாவுல் எர்லிக் என்ற ஜெர்மானிய மேதை, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உடல் தன்னைத் தானே தாக்குவதற்கு அஞ்சும், அதைத் தடுக்க ஏற்பாடுகள் இருக்கும் என்று எழுதினார். அவர் அந்த ஏற்பாடு தவறவே தவறாது என்று சொன்னாரா என்பது வேறு விஷயம், ஆனால் பின்வந்தவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த நினைப்பு நிலைத்தது. 1956-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் நோயல் ரோஸும் அவருடைய ஆசான் எர்ன்ஸ்ட் விடெப்ஸ்கியும், முயலுக்கு அதன் தைராய்டுச் சாற்றையே செலுத்தி, அது தன் தைராய்டைத் தானே அழிப்பதைக் காட்டினார்கள். அதன்பிறகுதான் தன்னுடல் தாக்குநோய், டாக்டர்கள் ஆட்டோ இம்யூன் என்று சொல்வது, நோய்களில் ஒரு வகையாக ஏற்கப்பட்டது.

விடெப்ஸ்கி எச்சரிக்கையானவர். அடுத்த ஆண்டே, ஒரு நோயைத் தன்னுடல் தாக்குநோய் என்று சொல்ல என்னென்ன நிரூபிக்க வேண்டும் என்று விதிகள் வகுத்தார். நோயாளியின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தென்பட வேண்டும். அது எதன்மேல் ஒட்டுகிறது என்று தெரிய வேண்டும். அதே பொருளை விலங்குக்குச் செலுத்தினால் அங்கும் அந்த எதிர்ப்பொருளும் அந்த நோயும் தோன்ற வேண்டும். பின்னாளில் ரோஸ் இதைத் திருத்தி எழுதியபோது, எல்லாவற்றையும்விட நேரடியான சான்று ஒன்றை முன்னே வைத்தார்: ஓர் உடலிலுள்ள எதிர்ப்பொருள் இன்னோர் உடலுக்குப் போய் அங்கே நோயை உண்டாக்கினால் சந்தேகத்துக்கு இடம் குறைவு.

மனிதரில் இந்தச் சோதனையை யாரும் செய்யக் கூடாது. ஆனால் கர்ப்பத்தில் இயற்கையே இதைச் செய்கிறது. தாயின் எதிர்ப்பொருட்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகின்றன. பிறந்த குழந்தையை முதல் சில மாதங்கள் கிருமிகளிடமிருந்து காப்பது தாய் கொடுத்த இந்தச் சீதனம்தான். சீதனத்தோடு சேர்ந்து வேண்டாததும் போய்விடுகிறது.

தன்னுடல் தாக்குநோய்களான லூபஸ், ஷோக்ரென் உள்ளவர்கள் பலரின் இரத்தத்தில் ரோ, லா என்று இரண்டு எதிர்ப்பொருட்கள் உண்டு. 1969-இல் முதலில் ரோ, பிறகு லா. யாருடைய இரத்தத்தில் முதலில் தென்பட்டதோ அந்த நோயாளிகளின் பெயரின் முதல் எழுத்துகளையே இவற்றுக்குப் பெயராக வைத்தார்கள். ஷோக்ரென் நோயை 1933-இல் விரிவாக எழுதியவர் ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரென். கண்ணும் வாயும் வறண்டுபோகும் நோய் அது. எங்கள் நோயாளி சொன்ன மண் விழுந்த கண்ணும் தண்ணீர் இல்லாமல் இறங்காத சோறும் அதன் அடையாளங்கள்தான். இத்தகைய தாய்மாரின் குழந்தைகளுக்கு இதய அடைப்பு வருவதை 1977-இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே எழுதின. 1983-இல் அதை ரோ எதிர்ப்பொருளோடு இணைத்துக் காட்டினார்கள். அந்தத் தாய்மாரில் கணிசமானோர் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள். குழந்தையின் இதயம்தான் தாயின் நோயை முதலில் அறிவித்தது.

கருவில் 16 முதல் 26 வாரங்களுக்குள் பெரும்பாலும் இந்த இதய அடைப்பு ஏற்படுகிறது. தாயின் எதிர்ப்பொருள் பெருமளவில் குழந்தைக்குக் கடக்கத் தொடங்குவதும் இந்தக் காலத்தில்தான். எப்படி நடக்கிறது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உள்ளன, இரண்டிலும் உண்மை இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

முதல் விளக்கம். வளரும் இதயத்தில் தேவை முடிந்த செல்கள் ஒழுங்காக மடிந்துகொண்டே இருக்கும். சிற்பி கல்லைச் செதுக்கி எறிவதுபோல உறுப்பு உருவாக அதுவும் வேண்டும். ரோ எதிர்ப்பொருள் குறிவைக்கும் ரோ என்ற புரதம் வழக்கமாகச் செல்லுக்குள்ளே ஒளிந்திருக்கும். செல் மடியும்போது அது வெளிச்சுவருக்கு வந்துவிடுகிறது. அங்கே தாயின் எதிர்ப்பொருள் போய் ஒட்டிக்கொள்கிறது. மடிந்த செல்லை அமைதியாக அப்புறப்படுத்த வந்த துப்புரவுச் செல்கள், எதிர்ப்பொருள் ஒட்டியதைப் பார்த்ததும் பகைவன் என்று நினைத்து அழற்சியைக் கிளப்புகின்றன. முடிவில் தழும்பு. ஏ.வி. முனை நார்த்திசுவாகிவிடுகிறது.

இரண்டாவது விளக்கம் நியூயார்க்கின் ப்ரூக்ளினில் முகமது புத்ஜ்தீரும் அவர் கூட்டாளிகளும் பல ஆண்டுகள் உழைத்து எழுப்பியது. இந்த எதிர்ப்பொருள் ரோவோடு நிற்காமல் கால்சிய மதகின்மேலும் நேராக ஒட்டி அதை அடைக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். இத்தகைய தாய்மாரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருளைச் சோதனைக்கூடத்தில் தனியே துடிக்கும் இதயத்தின் வழியே ஓடவிட்டபோது துடிப்பு தளர்ந்து அடைப்பே உண்டாயிற்று. கால்சிய மதகை அதிகம் நம்பியிருப்பவை இரண்டு முனைகளும்தான் என்று சற்றுமுன் சொன்னேன். இதயம் முழுக்கத் தப்பித்து, அந்த ஒரு வாசல் மட்டும் ஏன் மூடுகிறது என்பதற்கு அது பதில்.

எங்களில் ஒருவர் அன்றே கேட்டார்: அதே இரத்தம் தாயின் இதயத்திலும் ஓடுகிறதே, அவருடைய ஈசிஜி ஏன் சரியாக இருக்கிறது? வளர்ந்த இதயச் செல்லுக்குள் கால்சியத்தைச் சேர்த்துவைக்கும் குதிர் இருக்கிறது. வெளியிலிருந்து வருவது குறைந்தாலும் சமாளிக்கும். கருவின் இதயத்துக்கு அந்தக் குதிர் இன்னும் சரியாகக் கட்டப்படவில்லை. அன்றாடம் வந்தால்தான் அன்றாடம் அடுப்பு எரியும் என்கிற வீடு அது.

ஒரு முக்கியமான எண். ரோ எதிர்ப்பொருள் உள்ள தாய்மாரில் 100-க்கு ஒன்று அல்லது இரண்டு பேரின் குழந்தைக்குத்தான் இந்த அடைப்பு வருகிறது. மற்ற 98 குழந்தைகளுக்கும் இந்த அடைப்பு வருவதில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு அடைப்பும் மற்றவருக்குச் சரியான துடிப்பும் இருந்ததுண்டு. ஆகவே எதிர்ப்பொருள் இருப்பது மட்டும் போதாது, அதோடு இன்னும் ஏதோ சேர வேண்டும். ஒரு தடவை வந்துவிட்டால் மட்டும் கதை மாறுகிறது. அடுத்த குழந்தைக்கு வர ஏறத்தாழ 100-க்கு 18 வாய்ப்பு.

அந்த 18-ஐக் குறைக்க முடியுமா? நியூயார்க்கில் ஜில் புயோனும் பீட்டர் இஸ்மிர்லியும் நடத்திய ஆய்வு 2020-இல் வெளியானது. கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் அடிபட்ட ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் மாத்திரைதான் மருந்து. லூபஸ் நோயாளிகள் பல ஆண்டுகளாக அதைச் சாப்பிட்டுவருகிறார்கள். முன்பே ஒரு குழந்தைக்கு அடைப்பு வந்த தாய்மாருக்கு, அடுத்த கர்ப்பத்தின் 10-ஆம் வாரத்துக்குள் தொடங்கித் தினம் 400 மில்லிகிராம் கொடுத்தார்கள். 54 கர்ப்பங்களில் 4 குழந்தைகளுக்கு மட்டுமே அடைப்பு வந்தது, அதாவது 7.4 சதவீதம். மருந்து கொடுக்காத குழு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவில்லை, பழைய கணக்கோடுதான் ஒப்பிட்டார்கள் என்ற குறை இதில் உண்டு. ஆனாலும் மலிவான, கர்ப்பத்தில் பழகிய மாத்திரை இது. இப்படி ஒரு வழி இருப்பது தெரியாமலேயே ஒரு தாய் அடுத்த குழந்தையைச் சுமந்தால் அது எனக்குப் பெரிய வேதனை. முழு அடைப்பு வந்தபிறகு ஸ்டீராய்டு கொடுத்தும் அது திரும்பியதாகச் சான்றில்லை. தழும்பு தழும்புதான்.

இவ்வளவு நேரம் கருவறையிலேயே நின்றதற்குக் காரணம் இருக்கிறது. இதயத் துடிப்பைத் தன்னுடல் எதிர்ப்பொருள் கெடுக்க முடியும் என்பதற்கு நம் கையிலுள்ள மிகத் திடமான சாட்சி இதுதான். இனிச் சொல்லப்போகும் ஒவ்வொன்றையும் நான் இந்தச் சாட்சிக்கு எதிரே நிறுத்தித்தான் எடைபோடுகிறேன்.

தாயின் இதயம் தப்பித்தது என்று சொன்னேன். முழுவதும் தப்பிக்கவில்லை என்று இத்தாலியின் சியனா நகரத்து மருத்துவர் பியத்ரோ லட்செரினி பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். ஈசிஜியில் க்யூ.டி. என்று ஓர் இடைவெளி உண்டு. கீழ் அறைகள் முறுக்கேறி மறுபடி தளர எடுக்கும் நேரம் அது. பொட்டாசிய மதகு சரியாகத் திறக்காவிட்டால் தளர்வது தாமதமாகி இந்த இடைவெளி நீளும். நீண்டுபோன நேரத்தில் தப்பான இடத்தில் ஒரு துடிப்பு வந்து விழுந்தால், ஈசிஜிக் கோடு முறுக்கிய கயிறுபோலச் சுழலத் தொடங்கும். 1966-இல் பிரான்சில் டெசர்டென் இதை விவரித்துப் பெயரிட்டார். சில நொடியில் தானாக நின்றால் மயக்கத்தோடு போகும், நிற்காவிட்டால் உயிர் போகும்.

இப்படி முறுக்கிச் சுழன்ற 25 நோயாளிகளின் இரத்தத்தை லட்செரினி குழு சோதித்து 2016-இல் எழுதியது. பாதிக்கு மேற்பட்டவர்களிடம் ரோ எதிர்ப்பொருள் இருந்தது. அவர்களில் பெரும்பாலானோருக்குத் தன்னுடல் தாக்குநோய் இருப்பதற்கான வெளி அடையாளமே இல்லை. இந்த எதிர்ப்பொருள் பொட்டாசிய மதகின்மேல் ஒட்டி அதன் ஓட்டத்தைக் குறைப்பதைப் புத்ஜ்தீரும் லட்செரினியும் சேர்ந்து காட்டினார்கள். ரோ புரதத்தைச் சீமை எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் க்யூ.டி.யும் நீண்டது. விடெப்ஸ்கியின் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் வருகிறது. அழற்சியின்போது இரத்தத்தில் ஏறும் இன்டர்லூக்கின்-6 என்ற பொருளும் தனியாக இதே மதகைத் தடுக்கிறது. முடக்குவாத நோயாளிகளுக்கு இந்த இன்டர்லூக்கினை அடக்கும் டோசிலிசுமாப் ஊசி போட்டபோது நீண்டிருந்த க்யூ.டி. குறைந்தது.

நம் அன்றாடத்துக்கு இது மிக நெருங்கிய விஷயம். க்யூ.டி.யை நீட்டக்கூடிய மருந்துகள் மருந்துக்கடை அலமாரியில் நிறைய இருக்கின்றன. சளிக்காய்ச்சலுக்கு வாங்கும் அசித்ரோமைசின், வாந்திக்கு ஆன்டன்செட்ரான், வயிற்று உப்புசத்துக்கு டாம்பெரிடோன், பூஞ்சைத் தொற்றுக்கு ஃப்ளூகோனசோல். நான் புகழ்ந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுவினும் அந்தப் பட்டியலில் உண்டு. அநேகம் பேர் இவற்றைச் சாப்பிட்டுச் சுகமாகிப் போகிறார்கள். எங்கோ ஒருவர் மயங்கி விழுகிறார். ஏற்கனவே மதகு பாதி அடைபட்டிருந்தவராக அவர் இருக்கலாம். வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் குறைந்திருக்கும் நேரத்தில் இரண்டு மூன்று மருந்துகள் ஒன்றாகச் சேர்ந்தால் ஆபத்து பெருகும். லூபஸ், ஷோக்ரென் உள்ளவர்கள் புதிதாக ஒரு மாத்திரை வாங்கும் முன்பு தங்கள் நோயின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், ஒரு ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சாப்பிடும் மருந்தைப் பயந்து நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

அடுத்தது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் புழு நெளிவதுபோல நடுங்குவது. வயதானவர்களிடம் நாம் மிக அதிகமாகப் பார்க்கும் தாளப் பிசகு இது, பக்கவாதத்துக்கு வழி திறந்துவிடுவதும் இது. இரத்த அழுத்தம், வால்வு, மது, தூக்கத்தில் மூச்சுத்திணறல் என்று தெரிந்த காரணங்கள் பல. எந்தக் காரணமும் தென்படாத நோயாளிகளும் உண்டு. 1997-இல் ரோம் நகரத்து ஃப்ருஸ்தாச்சி அப்படிப்பட்ட 12 பேரின் மேல் அறையிலிருந்து கடுகளவு தசையை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். 8 பேரின் தசையில் அழற்சிச் செல்கள் ஊடுருவியிருந்தன. வெளியே ஒன்றும் தெரியாத இதயத்துக்குள் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. அந்த ஆய்வு என்னை வெகுவாகப் பாதித்தது. ஆனால் 12 பேர்தான். அழற்சி காரணமா, நடுக்கத்தின் விளைவா என்பதையும் ஒரு தசைத் துணுக்கு சொல்லிவிடாது. 2012-இல் டென்மார்க்கில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவேடுகளை அலசியபோது, முடக்குவாதம் என்ற தன்னுடல் தாக்குநோய் உள்ளவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. இதுவும் தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கவில்லை. கருவறைச் சாட்சிக்கு எதிரே வைத்தால் இவை சூழ்நிலைச் சாட்சிகள்.

சந்தேகமே இல்லாத ஒன்று இங்கேயும் உண்டு, அது தைராய்டு. 1835-இல் டப்ளின் நகரில் ராபர்ட் கிரேவ்ஸ் மூன்று பெண்களைப் பற்றி எழுதினார். மூவருக்கும் கழுத்தில் வீக்கம், ஓயாத கடும் படபடப்பு. இன்று அவர் பெயரால் வழங்கும் அந்த நோயில், ஓர் எதிர்ப்பொருள் தைராய்டின் சாவித்துவாரத்தில் நுழைந்து அதை இடைவிடாமல் முடுக்கிவிடுகிறது. எதிர்ப்பொருள் தைராய்டைத் தொடுகிறது, பொங்கி வரும் ஹார்மோன் இதயத்தை விரட்டுகிறது. புதிதாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தவருக்குத் தைராய்டுப் பரிசோதனை செய்யாமல் விடக்கூடாது என்று மாணவர்களுக்கு நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

நம் நாட்டின் பெரிய துயரம் ருமாட்டிக் காய்ச்சல். பள்ளிப் பிள்ளைக்குத் தொண்டைப்புண் வருகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் மேலுறைப் புரதமும் இதயத் தசையின் மயோசின் புரதமும் சாயலில் ஒத்திருக்கின்றன. கிருமியைத் தேடிப் போன படை இதயத்தில் இறங்கிவிடுகிறது. காய்ச்சல் நாட்களிலேயே ஏ.வி. முனையில் செய்தி தயங்கி நிற்பதை ஈசிஜியில் பார்க்கலாம். 1944-இல் டக்கெட் ஜோன்ஸ் வகுத்த அடையாளங்களில் அதுவும் சேர்ந்திருந்தது. அந்தத் தயக்கம் பெரும்பாலும் போய்விடும். போகாதது வால்வின் தழும்பு. பத்து இருபது ஆண்டு கழித்து வால்வு சுருங்கி, மேல் அறை உப்பி, நடுங்கத் தொடங்கும். 21 நாளுக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி வலிக்கத்தான் செய்யும். அந்த ஊசிக்காகப் பிள்ளையைக் கையில் பிடித்து அழைத்துவரும் தாய்மாரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கும்பிடத் தோன்றும். இன்னொன்று: இவ்வகை வால்வு நோயோடு நடுக்கம் உள்ளவர்களுக்குப் இரத்தம் உறையாமல் தடுக்கும் புது மாத்திரையைவிடப் பழைய வார்ஃபரின் வகையே உயிர்காப்பதில் மேலானது என்று, இந்தியா உட்பட 24 நாடுகளில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வு சொல்லியிருக்கிறது. புதுசு என்பதற்காக மாற்றிக்கொள்ள அவசரப்படாதீர்கள்.

எச்சரிக்கைக்கும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். எழுந்து நின்றால் துடிப்பு எகிறும் போட்ஸ் என்ற நிலை இருக்கிறது, இளம்பெண்களிடம் அதிகம். அட்ரினலின் வந்து அமரும் இடங்களில் எதிர்ப்பொருள் ஒட்டுவதுதான் காரணம் என்று சில ஆய்வுகள் வந்தன, நம்பிக்கை பெருகிற்று. 2022-இல் வேறொரு குழு அதே வகைப் பரிசோதனையை நோயாளிகளிடமும் நலமானவர்களிடமும் ஒருசேரச் செய்தது. இரு பக்கமும் ஒரே அளவு. நோயாளிகளின் துன்பம் முற்றிலும் உண்மை, சந்தேகத்துக்குரியது பரிசோதனைதான். ஆனால் இப்படிப்பட்ட பரிசோதனைகளை நம்பி அதிக விலைகொடுத்து இரத்தத்தைச் சுத்திகரிக்கக் கிளம்பும் குடும்பங்களை நினைத்தால் மனம் பதறுகிறது. இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பதும் அது தீங்கு செய்வதும் வேறு வேறு.

கடைசியாக, அண்மைக் காலத்தில் வந்த இரண்டாவது வலுவான சாட்சி. ஜப்பானில் தசுக்கு ஹோன்ஜோவின் சோதனைக்கூடத்தில், காவல்படைக்குக் கடிவாளமாக இருக்கும் பி.டி.-1 என்ற புரதம் இல்லாத எலிகளை வளர்த்தார்கள். 2001-இல் எழுதினார்கள், அந்த எலிகளில் சில இதயம் வீங்கி இறந்தன என்று. இதயத் தசைமேலேயே எதிர்ப்பொருள் ஒட்டியிருந்தது. அதாவது நம் ஒவ்வொருவர் உடலிலும் இதயத்தைத் தாக்கக்கூடிய சக்தி இருக்கிறது, கடிவாளம் பிடித்து நிறுத்தியிருக்கிறது. பிறகு புற்றுநோயை விரட்ட இத்தகைய கடிவாளங்களை அவிழ்க்கும் மருந்துகள் வந்தன, பல்லாயிரம் பேரைப் பிழைக்கவைத்தன. ஹோன்ஜோவும் ஜேம்ஸ் ஆலிசனும் 2018-இல் நோபல் பரிசு பெற்றார்கள். 2016-இல் அமெரிக்காவில் இவ்வகை இரு மருந்துகளைச் சேர்த்துப் பெற்ற இரண்டு நோயாளிகளுக்கு, சில வாரங்களுக்குள் இதயத்தின் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் குலைந்தது, இருவரும் இறந்தார்கள். அவர்கள் இதயத் தசையில் அவர்களுடைய சொந்த வெள்ளணுக்களே மொய்த்திருந்தன. இது ஏறத்தாழ 100-இல் ஒருவருக்கு வரும் அரிய விளைவு, ஆனால் முதலில் தொகுத்த கணக்கில் வந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் பிழைக்கவில்லை. இந்த ஊசி போட்டுக்கொள்ளும் உறவினர் யாராவது முதல் சில வாரங்களில் படபடப்பு, மூச்சிரைப்பு, இமை தொங்குவது என்று சொன்னால் அடுத்த நாள்வரை காத்திருக்காதீர்கள்.

அந்தப் பெண்ணிடம் திரும்பி வருகிறேன். அப்போது ரோ பரிசோதனைக்கு இரத்தத்தை வெளியூருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மூன்று வாரம் கழித்து வந்த முடிவு பேராசிரியர் சொன்னதைத்தான் சொன்னது. குழந்தை பிறந்தது, பெண். 54-இல் துடித்தபடியே பால் குடித்தாள், தவழ்ந்தாள். நாலு வயதில் ஓடும்போது மயங்கி விழவே பேஸ்மேக்கர் வைத்தார்கள். வளர வளர இரண்டு தடவை அதை மாற்றினார்கள். பள்ளிக்கூடத்தில் ஓடிப்பிடித்து விளையாட விடமாட்டார்கள் என்று என்னிடம் ஒருமுறை புகார் சொன்னாள், நான் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தேன்.

சென்ற ஆண்டு அவள் வந்தாள். கல்யாணமாகி, நாலு மாதக் கர்ப்பம். கூடவே அவளுடைய அம்மா, கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கேட்டது ஒரே கேள்வி: "சார், எனக்கு வந்தது என் புள்ளைக்கும் வருமா?" அம்மா நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தார். இத்தனை வருஷமும் அந்தக் கேள்வியைத் தனக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றியது.

இரத்தம் எடுத்தோம். இப்போது இங்கேயே பார்த்துவிடலாம். ரோ இல்லை, லா இல்லை. அவள் இதயத்தின் வாசலை மூடிய எதிர்ப்பொருள் அவளுக்குச் சொந்தமானதாக எந்நாளும் இருந்ததில்லை. அம்மாவிடமிருந்து வந்து, பிறந்த சில மாதங்களிலேயே அவள் உடலை விட்டுப் போய்விட்டது. தழும்பை மட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தது. இதை இருவருக்கும் மெதுவாகச் சொன்னேன். பிறகு அவளைப் படுக்கவைத்து வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்தார்கள். அம்மா திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அறை முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. எண்ணைப் படித்துச் சொன்னேன். 148.